அழிக்கிறதெண்டா ஏனெண்டு சொல்லிப்போட்டு அழியுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், தான் போட்ட போஸ்டை ஒரு சமூக ஊடகக் கொம்பனி தூக்கிப்போட்டுது, இது அரசியலமைப்பு தந்த பேச்சுச் சுதந்திரத்தை மீறின வேலை, உயர் நீதிமன்றத்துக்குப் போகவேணும் எண்டு. அவரின்ட கோவம் எனக்கு நல்லா விளங்குது ஐயா, எனக்கும் அது நடந்தது, கீழ சொல்லுறன். ஆனா அவர் சொல்லுற வழியால போனா கோட்டு வாசல்ல வச்சே திருப்பி அனுப்பிவிடுவினம், பிறகு அந்தக் கோவமும் வீணாப் போயிடும், அதுக்காகத்தான் கடையைச் சாத்தினாப் பிறகு இருந்து இதை டைப் பண்ணுறன்.

நான் மனையாவெளிப் பக்கம் ஒரு கொமினிகேசன் வச்சிருக்கிறன். போட்டோகொப்பி, ரீலோட், கரண்ட் பில், ஒன்லைன் போர்ம் நிரப்பிக் குடுக்கிறது, இதுதான் தொழில். இப்ப கொஞ்சக் காலமா இன்னொரு வேலையும் தானா வந்து சேந்திட்டுது, "தம்பி என்ட எக்கவுன்ட் பூட்டிப்போட்டாங்கள் ஒருக்காப் பாருங்கோ" எண்டு போனைத் தூக்கிக்கொண்டு வாற ஆக்கள். மீன் விக்கிற பேஜ் நடத்துறவர், தையல் பிளவுஸ் போட்டோ போடுற அக்கா, உப்புவெளியில ரூம் வாடகைக்கு விடுற பெடியன், எல்லாருக்கும் ஒரே முகம்தான், என்ன பிழை செய்தம் எண்டு தெரியாம முழிக்கிற முகம். அதைத் தினம் பாக்கிறதாலதான் இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிச்சனான்.

முதல்ல சட்டம். எங்கட 1978ம் ஆண்டு அரசியலமைப்பில 14ம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரம் இருக்கு எண்டு சொல்லுது, சரி. ஆனா அந்த உரிமை மீறப்பட்டா வழக்குப் போடுற 126ம் உறுப்புரையை வாசிச்சுப் பாருங்கோ, மீறினது அரசாங்கத்தின்ட ஆட்சித்துறையோ நிருவாகமோ செய்த காரியமா இருக்கோணும், அதுவும் ஒரு மாசத்துக்குள்ள போடோணும். பொலிஸ் பிடிச்சா, பிரதேச சபை தடுத்தா, அமைச்சு தடை போட்டா அது அதுக்குள்ள வரும். ஒரு தனியார் கொம்பனி தன்ட இடத்தில இருந்து உங்கட எழுத்தைக் கழட்டினா அது அதுக்குள்ள வராது. அமெரிக்காவிலயும் இதே கதைதான், 1791ல வந்த அவையின்ட அரசியலமைப்பின்ட முதலாவது திருத்தம் "காங்கிரஸ் சட்டம் போடக்கூடாது" எண்டுதான் தொடங்குது, கடைக்காரனுக்கு அது பொருந்தாது.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல. ரம்சி ராசிக் எண்ட ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் 2020 சித்திரையில ஒரு பேஸ்புக் போஸ்டுக்காகக் கைதானவர், இனவாதத்துக்கு எதிரா பேனையாலயும் கீபோட்டாலயும் போராடோணும் எண்டு எழுதினதுக்கு, அதில அவர் பாவிச்ச ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அஞ்சு மாசம் உள்ள வச்சிருந்தவை. அவருக்கு கதவு இருந்தது ஐயா. உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 2023 கார்த்திகையில அவரின்ட அடிப்படை உரிமை மீறப்பட்டது எண்டு தீர்ப்பு வந்தது, 10 லட்சம் ரூபா நட்டஈடும் குடுக்கச் சொன்னது. மூண்டரை வருஷம் பிந்தித்தான், எண்டாலும் ஒரு நீதிபதி வாசிச்சார், காரணம் எழுதினார். அதே போஸ்டை பொலிஸ் தொடாம கொம்பனி மட்டும் அழிச்சிருந்தா அவர் எங்க போயிருப்பார்? அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில இண்டைக்கு மறுமொழி இல்ல.

சரி, அப்ப கொம்பனி ஒண்டையும் அழிக்கக்கூடாதோ? இல்ல, அழிக்கத்தான் வேணும், நானே அழிக்கிறவன்.

எங்கட பகுதி ஆக்களுக்கு ஒரு குரூப் வச்சிருக்கிறன், தண்ணி வெட்டு, செத்த வீடு, இரத்தம் தேவை, தவறின ஆடு மாடு, இதுகளுக்காகத் தொடங்கினது. 2018ல ஒரு பள்ளிக்கூடத்தில முஸ்லிம் ரீச்சர்மார் அபாயா உடுக்கிறதைப் பற்றி எங்கட ஊரில பிரச்சினை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த நாட்களில அந்தக் குரூப் பத்தி எரிஞ்சுது. தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒண்டா இருந்த குரூப், ஒரே சந்தையில மீன் வாங்குற சனம், பிள்ளையள் ஒரே டியூசனுக்குப் போற சனம், அவை ஒருத்தரை ஒருத்தர் பேசின பேச்சை இஞ்ச எழுதேலாது. நான் ரா ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து ஒவ்வொண்டா அழிச்சனான். ஒரு அண்ணரை வெளியிலயும் போட்டனான். அவர் விடிய கடைக்கு வந்திட்டார், போட்டோகொப்பிக்கு நிண்ட சனத்துக்கு முன்னால கத்தினார், நீ யாரடா என்ட வாயைப் பொத்த, கருத்துச் சுதந்திரம் தெரியுமோ உனக்கு எண்டு. நான் சொன்னனான், அண்ணை இது என்ட குரூப், இதில நீங்க அந்த ஆக்களின்ட பொம்பிளையளைப் பற்றி எழுதின ரெண்டாவது வரி இருக்கே, அதை உங்கட மகள் இருக்கிற இடத்தில சத்தமா வாசிப்பீங்களோ, வாசிப்பன் எண்டா இப்பவே திருப்பிச் சேக்கிறன் எண்டு. அவர் கதைக்கேல்ல. கோவம் போகவும் இல்ல, ஆறேழு மாசம் வேற கடையிலதான் ரீலோட் போட்டவர். பிறகு வந்தார்.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, அழிச்சவன் யார் எண்டு அவருக்குத் தெரியும், எந்த வரிக்கு எண்டும் தெரியும், வந்து கத்துறதுக்கு ஒரு கடையும் இருந்தது. என்னில பிழை எண்டா ஊர்ச் சனம் என்னைக் கேட்டிருக்கும்.

அழிக்காம விட்டா என்ன நடக்கும் எண்டு எங்கட கிழக்கு மாகாணத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்ல. 2018 மாசிக் கடைசியில அம்பாறையில ஒரு சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள கிடந்த மாக்கட்டியைக் காட்டி, கருத்தடைக் குளிசை போடுறாங்கள் எண்டு ஒரு வீடியோ ஓடிச்சுது. அது வெறும் மா எண்டு அரச பகுப்பாய்வாளர் சொல்லேக்குள்ள பள்ளிவாசலும் உடைஞ்சிட்டுது, கடையளும் எரிஞ்சிட்டுது. அடுத்த கிழமை கண்டி, திகனப் பக்கம் கலவரம். அந்த நேரம் சிங்களத்தில வெளிப்படையா அடி, கொல்லு எண்டு எழுதினதுகளை எத்தினையோ பேர் ரிப்போட் பண்ணியும் போஸ்டுகள் அப்பிடியே கிடந்தது, சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் அவையிட்ட போதாது. ரெண்டு வருஷம் கழிச்சு 2020 வைகாசியில பேஸ்புக் அதுக்காக மன்னிப்புக் கேட்டது. செத்த சனத்துக்கு அந்த மன்னிப்பு போய்ச் சேராது. அதனால, எல்லாரும் எல்லாத்தையும் எழுதட்டும், கொம்பனி கையைக் கட்டிக்கொண்டு நிக்கோணும் எண்டு சொல்லுற கட்சியில நான் இல்ல.

இனி என்ட கதை. எந்தத் தளம் எண்டு பேர் சொல்ல விரும்பேல்ல, எல்லாக் கொம்பனியும் இப்பிடித்தான் எண்டு நினைக்கிறன்.

2006 தை 2ம் திகதி எங்கட கடற்கரையில, காந்தி சிலைக்குக் கிட்ட, அஞ்சு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டவை. திருகோணமலையில அந்த ராத்திரியைத் தெரியாத வீடு இல்ல. குண்டு வெடிச்சுச் செத்தவை எண்டுதான் முதல்ல சொன்னது. சுகிர்தராஜன் எண்ட எங்கட ஊர்ப் பத்திரிகையாளர் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்த போட்டோக்கள்தான், தலையில சூடு பட்ட காயத்தைக் காட்டினது, சுடர் ஒளி அதைப் போட்டது. அதே மாசம் 24ம் திகதி விடிய வேலைக்கு வெளிக்கிட்ட சுகிர்தராஜனையும் ரோட்டில வச்சுச் சுட்டுப்போட்டினம். மாணவர்களின்ட வழக்கில 13 பேர் எதிரியா இருந்தவை, 2019 ஆடியில சாட்சி போதாது எண்டு எல்லாரையும் விட்டாச்சு.

ஒவ்வொரு தை 2க்கும் நான் ஒரு விளக்குப் போட்டோ போடுவன். சில வருஷத்துக்கு முன்னால போட்டது, மணல்ல அஞ்சு சிட்டி விளக்கு, காத்துக்கு ஒண்டு நூந்து போச்சு, அதைத் திருப்பிக் கொளுத்தி கையால மறைச்சுக்கொண்டு எடுத்த போட்டோ, அதில என்ட விரலும் தெரியும். எழுதினது ஒரே ஒரு வரி, "2006 தை 2. மறக்கேல்ல." கொடி இல்ல, இயக்கத்தின்ட பேர் இல்ல, யாரையும் ஏசேல்ல. பின்னேரம் பாத்தா போஸ்ட் இல்ல. சமூக விதிமுறைக்கு மாறானது எண்டு ஒரு மெசேஜ், இங்கிலிஸை மெஷினால மாத்தின தமிழ், எந்த விதி எண்டு அமத்திப் பாத்தா பயங்கரவாதம், வெறுப்பு, வன்முறை எண்டு பொதுவா ஒரு நீளப் பக்கம். திருப்பிப் பாருங்கோ எண்டு அப்பீல் குடுத்தன். மூண்டு நிமிஷத்தில மறுமொழி, முடிவு மாறாது எண்டு. மூண்டு நிமிஷத்தில அதை ஒரு மனிசன் எடுத்து, தமிழ் வாசிச்சு, 2006ல திருகோணமலையில என்ன நடந்தது எண்டு பாத்து முடிவெடுத்திருப்பார் எண்டு நான் நம்பேல்ல. ஒரு மாசம் என்ட எக்கவுன்டில லைவ் போடேலாம, விளம்பரம் போடேலாம இருந்தது, அது பரவாயில்ல. எனக்குத் தாங்கேலாம இருந்தது வேற. செத்த பிள்ளையளுக்குக் கொளுத்தின விளக்கு யாருக்கு ஆபத்து எண்டு இண்டை வரைக்கும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

துவக்கால சுகிர்தராஜனின்ட வாயை அடைச்சதையும் ஒரு மெஷின் என்ட போட்டோவைத் தூக்கினதையும் நான் ஒண்டாக்கேல்ல, அப்பிடி ஆக்கிறது அந்த மனுசனுக்குச் செய்யிற துரோகம். ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ, அந்தப் போட்டோ வெளிய வந்ததும் ஒரு தனியார் இடத்தாலதான், பேப்பரும் ஒரு முதலாளியின்ட சொத்துத்தானே. அங்க இருந்தவை அது என்ன போட்டோ, போட்டா என்ன வரும் எண்டு முழுக்கத் தெரிஞ்சுதான் போடுறது எண்டு முடிவெடுத்தவை. அந்த இடத்தில ஊர் தெரிஞ்ச மனிசர் இருந்தவை.

இதின்ட மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். ஒரு அக்கா, வாடியில மீன் தெரிவு செய்யிற வேலை, மகள் ஏ.எல். படிக்கிறா. மகளின்ட போட்டோவை யாரோ எடுத்து, கீழ அசிங்கமா எழுதி ஒரு பேஜில போட்டுட்டாங்கள். தமிழ்தான், ஆனா இங்கிலிஸ் எழுத்தில டைப் பண்ணினது, எங்கட பெடியள் எழுதுற மாதிரி ஒரு சொல்லை நாலு விதமா எழுத்துக்கூட்டி. அந்த அக்கா என்ட கடை ஸ்டூல்ல இருந்து அழ, நிண்ட ஆக்களின்ட போனையும் வாங்கி ஆறு போன்ல இருந்து ரிப்போட் பண்ணினனாங்கள். ஆறுக்கும் ஒரே மறுமொழி, இது எங்கட விதியை மீறேல்ல. விளக்கு மீறுது, இது மீறேல்ல. கடைசியா அந்தப் போஸ்ட் இறங்கினது அஞ்சாவது நாள், அதையும் கொம்பனி இறக்கேல்ல, போட்டவனைத் தேடிப் பிடிச்சு அவன்ட மாமன் நேர போய் இறக்கப் பண்ணினவர். பிள்ளை ரெண்டு கிழமை டியூசனுக்குப் போகேல்ல.

ஆகவே எனக்கு இதில பிரச்சினை "கூட அழிக்கிறாங்கள்" எண்டும் இல்ல, "குறைய அழிக்கிறாங்கள்" எண்டும் இல்ல. தமிழ் விளங்காத ஒண்டு தமிழைப் பற்றி முடிவெடுக்குது, ஏனெண்டும் சொல்லுதில்ல, கேக்கப் போனா கதவும் இல்ல.

உங்கட போன கிழமை வாசகருக்கு ஒரு வழக்கைச் சொல்ல விருப்பம், அவருக்குப் பிடிக்கும். அமெரிக்காவில அலபாமா மாநிலத்தில சிக்கசோ எண்டு ஒரு ஊர், ஊர் முழுக்க ஒரு கப்பல் கட்டுற கொம்பனியின்ட சொத்து, ரோட்டு, வீடு, கடைத்தெரு எல்லாம். கிரேஸ் மார்ஷ் எண்ட பொம்பிளை, யெகோவாவின் சாட்சிகளைச் சேந்தவ, அந்தக் கடைத்தெரு நடைபாதையில நிண்டு சமயப் புத்தகம் குடுத்திருக்கிறா. இது தனியார் காணி, எழும்பு எண்டிருக்கிறாங்கள், மாட்டன் எண்டு நிண்டதுக்குப் பிடிச்சிட்டாங்கள். 1946ல அமெரிக்க உயர் நீதிமன்றம் அவவுக்குச் சார்பா தீர்ப்புச் சொன்னது. ஒரு முதலாளி தன்ட சொத்தைப் பொதுச்சனம் புழங்குறதுக்கு எவ்வளவுக்குத் திறந்துவிடுறாரோ அவ்வளவுக்கு அந்தச் சனத்தின்ட உரிமையும் அவரின்ட உரிமையைக் கட்டுப்படுத்தும் எண்டதுதான் அதின்ட சாரம். டொக்யார்ட் இருக்கிற ஊரில வளந்த எங்களுக்கு இது புத்தகக் கதை இல்ல. 1957 வரைக்கும் வெள்ளைக்காரன்ட நேவி இஞ்ச இருந்தது, பாஸ் இல்லாம உள்ளட முடியாத கேற்றுகளைப் பற்றி அப்பா சொல்லுவார், பிறந்த ஊருக்குள்ளயே இன்னொருத்தனிட்டக் கேட்டுத்தான் நடக்கோணும் எண்டு.

ஆனா அந்த வாசகர் சந்தோசப்படக் கூடாது, ஏனெண்டா பிறகு வந்த கோட்டுத் தீர்ப்புகள் அந்தத் தீர்ப்பை இணையத்துக்கு இழுக்க விடேல்ல. 2020ல யூடியூப்புக்கு எதிரான ஒரு வழக்கில அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், எல்லாரும் வந்து போற இடம் எண்டதுக்காக அது அரசாங்கம் ஆகாது எண்டு சொல்லிட்டுது. 2024 ஆடியில, புளோரிடாவும் டெக்சாசும் போட்ட சட்டங்கள் பற்றின வழக்கில, எந்தப் போஸ்டை மேல காட்டுறது எதை விடுறது எண்டு தெரிவு செய்யிறதும் அந்தத் தளத்தின்ட சொந்தக் கருத்துவெளியீடு மாதிரித்தான், பத்திரிகை ஆசிரியர் செய்யிற தெரிவைப் போல, எண்டு உயர் நீதிமன்றமே சொன்னது. நான் அதை வாசிச்சுக் கோவப்பட்டு, பிறகு என்ட குரூப்பை நினைச்சுக் கொஞ்சம் அடங்கினனான். அரசாங்கம் வந்து நீ அந்த அண்ணரின்ட ரெண்டாவது வரியை வச்சிருக்கத்தான் வேணும் எண்டு எனக்குக் கட்டளை போட்டா நான் குரூப்பை மூடிப்போட்டுப் போயிருப்பன்.

முதலாளியின்ட உரிமை எண்டா முதலாளி மாறினா எல்லாம் மாறும், அதையும் மறக்கக்கூடாது. எலான் மஸ்க் 2022 ஐப்பசியில டுவிட்டரை 4,400 கோடி டொலருக்கு வாங்கேக்குள்ள பேச்சுச் சுதந்திரத்துக்காக வாங்குறன் எண்டவர், அதே வருஷம் மார்கழி நடுப்பகுதியில தன்னைப் பற்றிச் செய்தி எழுதின பத்திரிகையாளர்கள் கொஞ்சப்பேரின்ட எக்கவுன்டையே நிப்பாட்டினவர். ராத்திரி ஒரு விதி, விடிய ஒரு விதி.

அப்ப அரசாங்கம் பாத்துக்கொள்ளட்டும் எண்டு சிலர் சொல்லுவினம், எனக்கு அதுதான் கூடப் பயம். 2024 தையில பாராளுமன்றத்தில, ஒன்லைன்ல எழுதுறதுகளைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறினது, 9ம் இலக்கச் சட்டம், ஜனாதிபதி நியமிக்கிற அஞ்சு பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய் எண்டு தீர்மானிக்கலாம், சிறைத்தண்டனையும் இருக்கு. அந்த அக்காவின்ட மகளைக் காப்பாத்தத்தான் சட்டம் எண்டு சொல்லுவினம், ஆனா ரம்சி ராசிக்கைப் பிடிச்ச கை எந்தக் கை எண்டு நாங்க கண்டனாங்கள்தானே. இந்த நாட்டை ஆண்ட அரசாங்கங்கள்தான் 2018லயும் 2019லயும் 2022லயும் சமூக ஊடகத்தையே மொத்தமாப் பூட்டினது. 2022 சித்திரையில போராட்ட நேரம் பூட்டின அண்டைக்கு, மண்ணெண்ணெய் எங்க குடுக்கிறாங்கள் எண்டு கேக்கவும் வழியில்லாம என்ட குரூப் சனம் கடைக்கு முன்னால வந்து நிண்டது. வீட்டுக்காரன் சரியில்ல எண்டு பொலிஸிட்ட வீட்டுச் சாவியைக் குடுக்கிறதோ?

கோணேசர் கோயிலுக்குப் போறது எப்பிடி எண்டு ஊராக்களுக்குத் தெரியும். பிரட்றிக் கோட்டை வாசலுக்கால பூந்து, ஆமிக் காம்பைத் தாண்டி, மான் நிக்கிற ரோட்டால ஏறித்தான் போகோணும். கோட்டை எங்கட இல்ல, ஆனா கோயிலுக்கு வேற வழியும் இல்ல. வழி மறிச்சா ஏன் மறிக்கிறாய் எண்டு கேக்கலாம், கேட்டிருக்கிறம், அங்க நிக்கிறது ஒரு ஆள், சில நேரம் விட்டிருக்கினம், சில நேரம் விடேல்ல, எண்டாலும் முகத்தைப் பாத்துக் கதைச்சவை. இண்டைக்கு எங்கட செத்த வீட்டு அறிவித்தல் தொடக்கம் காணிப் பிரச்சினை, கன்னியா வெந்நீரூற்றுப் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ட தாய்மாரின்ட குரல் வரைக்கும் எல்லாம் நாலஞ்சு வெளிநாட்டுக் கொம்பனியின்ட வாசலாலதான் போகுது. கொம்பனி தன்ட வாசலுக்கு விதி வைக்கட்டும். ஆனா மறிக்கிற நேரம் எந்த விதி, எந்தச் சொல்லு, எந்தப் படம் எண்டு சொல்லட்டும், தமிழ் தெரிஞ்ச ஒரு மனிசன் திருப்பிப் பாக்கட்டும். இதுக்கு மேல நான் கேக்கேல்ல.

இது நடக்காத காரியமும் இல்ல. ஐரோப்பாவில டிஜிட்டல் சேவைகள் சட்டம் எண்டு ஒண்டு, 2024 மாசி 17ல இருந்து முழுசா நடைமுறையில இருக்கு, அழிச்சா என்ன காரணம் எண்டு தெளிவா எழுதிக் குடுக்கோணும், முறைப்பாட்டை மெஷின் மட்டும் பாத்துத் தள்ளக்கூடாது, அதுக்கும் திருப்தியில்ல எண்டா கோட்டுக்கு வெளிய தீர்க்கிற அமைப்பிட்டப் போகலாம். பாரிஸில இருக்கிற என்ட மச்சான் அதே விளக்குப் போட்டோவைப் போட்டு அது தூக்குப்பட்டா, அவனுக்கு இந்த உரிமை எல்லாம் இருக்கு. போட்டோ எடுத்த எனக்கு இல்ல. ஒரே கொம்பனி, ஒரே போட்டோ, ஒரே தமிழ். எங்கட எம்பிமார் ஆணைக்குழு வைச்சு எது பொய் எண்டு தேடுறதை விட்டுட்டு, காரணம் சொல்லு, ஆளை வச்சுப் பார் எண்ட ரெண்டு கடமையையும் இந்தக் கொம்பனிகளுக்குச் சட்டமாப் போடலாமே. எழுத்தில என்ன இருக்கோணும் எண்டு அரசாங்கம் சொல்லத் தேவையில்ல, நடைமுறையைச் சொன்னாக் காணும்.

மனிசர் பாத்தா வித்தியாசம் வரும் எண்டதுக்கு எங்கட நாட்டுக் கதையே இருக்கு. 2022 நெருக்கடியில ஆஸ்பத்திரியளில மருந்து முடிஞ்ச நேரம், மருத்துவத் தொழிற்சங்கம் ஒண்டு மருந்து நன்கொடை தாங்கோ எண்டு பேஸ்புக்கில போட்டது. மருந்து கேட்டு எழுதக்கூடாது எண்டது அந்தக் கொம்பனியின்ட விதி, போதைக் குளிசை விக்கிறவைக்காக வச்ச விதி. ஆனா இதை ஆக்கள் எடுத்துப் பாத்தவை, நாட்டு நிலைமையை யோசிச்சவை, விட்டவை. அவையின்ட மேற்பார்வைச் சபையும் 2023 பங்குனியில அது சரி எண்டு முடிவு சொன்னது, காரணத்தோட, எல்லாரும் வாசிக்கிற மாதிரி. நாட்டுக்கே தெரிஞ்ச பிரச்சினை எண்டதால அது அவ்வளவு தூரம் போச்சுது. தையல் அக்காவின்ட பேஜ் போகாது. பூட்டின எக்கவுன்டைத் திறக்க அவவிட்டக் கேட்ட போர்ம் இங்கிலிஸ், அடையாள அட்டையில பேர் தமிழ்லயும் சிங்களத்திலயும் இருக்கு, எக்கவுன்டில கடைப்பேர் இருக்கு, பொருந்தேல்ல எண்டு நாலு தரம் தள்ளிப்போட்டாங்கள். ரெண்டு வருஷம் சேத்த வாடிக்கை. இப்ப புதுசா ஒண்டு தொடங்கி இருக்கிறா, பழைய ஆக்களுக்கு அது தெரியாது.

உங்களிட்டயும் ஒண்டு சொல்லோணும் ஐயா. உங்கட பேப்பரும் தனியார் இடம்தான், இந்தக் கடிதத்தைப் போடோணும் எண்டு உங்களை நான் கட்டாயப்படுத்தேலாது. ஆனா பேப்பர்ல வாற ஒவ்வொரு வரிக்கும் நீங்க பொறுப்பு, ஒருத்தரைப் பற்றிப் பிழையா வந்தா வழக்கு வரும், பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கும் போகலாம், அது 2003ல இருந்து இருக்கு. அந்தக் கொம்பனிகளுக்கோ அவையின்ட நாட்டில 1996ல வந்த சட்டத்தின்ட 230ம் பிரிவு, மற்றவை எழுதினதுக்கு நீ பொறுப்பில்ல எண்டும் சொல்லுது, நல்லெண்ணத்தில அழிச்சா அதுக்கும் பொறுப்பில்ல எண்டும் சொல்லுது. வச்சிருந்தாலும் கேக்கேலாது, அழிச்சாலும் கேக்கேலாது. எங்கட வாசகர் கோவப்பட வேண்டிய இடம் இதுதான், 14ம் உறுப்புரை இல்ல.

கடிதம் நீண்டு போச்சு, இடமில்ல எண்டா வெட்டிப் போடுங்கோ, சிக்கசோவை எடுங்கோ, மஸ்க்கை எடுங்கோ, பரவாயில்ல. அஞ்சு சிட்டி விளக்குப் பற்றின பந்தியை மட்டும் விட்டுடுங்கோ. அதையும் எடுக்கத்தான் வேணும் எண்டா, ஏன் எண்டு ஒரு வரி எனக்கு எழுதிவிடுங்கோ, விலாசம் கடித உறையில இருக்கு.

இப்படிக்கு,
கொமினிகேசன் கடைக்காரர் ஒருவர்,
மனையாவெளி, திருகோணமலை.